‘நல்லா கீது’ என்றால் நம்பாதவர்

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எழுதியது நிஜமா என்று சோதித்துப் பார்க்க மீட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் நிற்பார். ஊர் முறையில் எனக்கு மாமா, அது போதும். தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. அப்போது சித்தூர் ஜில்லா, இப்போது திருப்பதி ஜில்லா. ஊர் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. போர்டு எழுதுகிறவருக்குத்தான் கொஞ்சம் வேலை கிடைத்தது.

மாமாவுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. ‘நல்லா கீது’ என்பதுதான் அது. வண்டி நல்லா கீது, பேட்டரி நல்லா கீது, குழம்பு நல்லா கீது, எதைச் சொன்னாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு “யாரு சொன்னது?” என்பார். போகிற போக்கில் யாராவது “நல்லா கீறியா மாமா?” என்று கேட்டுவிட்டால்கூட விடமாட்டார்.

“இப்போ உக்காந்துக்கினு கீறேன். அதனால நல்லாத்தான் கீறேன். ஒரு மூட்டைய தூக்கிட்டு அப்பால சொல்றேன்.”

கேட்டவர் அடுத்த தடவை வேறு தெரு வழியாகப் போவார்.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர் பேச்சை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அவர் மனைவி, எங்கள் அத்தை. தினமும் சாயங்காலம் போனில் அத்தை “நல்லா கீறேன்” என்று சொல்வாள். மாமாவும் சரி என்று வைத்துவிடுவார். அவர் சோதித்துப் பார்க்காத ஒரே சரக்கு அதுதான். அதில்தான் வந்தது வினை.

பக்கத்து ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டமாக வேலைக்குப் போனோம். எங்கள் அம்மாக்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாங்கள் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, பெல்ட்டில் நகர்ந்து வரும் சாமானுக்குத் திருகாணி முடுக்கினோம். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு சரி, ஊருக்குள் வராது. அந்தச் சமயம் பார்த்து லைசன்ஸ் கேட்காத, நம்பர் பிளேட் இல்லாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் வந்தன. சத்தமே போடாமல் பின்னால் வந்து நின்று மாடுகளை மிரள வைக்கும் வண்டிகள். தவணையில் ஆளுக்கொன்று வாங்கினோம். வாங்கின வேகத்தில் அவை நிற்கவும் ஆரம்பித்தன. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த மாமா வீட்டு முன்னால் நாலு தகரத்தைப் போட்டு, ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் வாங்கி, எலக்ட்ரிக் வண்டி டாக்டர் ஆனார். மீட்டரின் கறுப்பு ஒயர் முனை எப்போதோ உடைந்துவிட்டது. சைக்கிள் போக்ஸ் கம்பியைச் சீவிச் சொருகி டேப் சுற்றியிருந்தார். பார்ப்பதற்கு ஊசி போட வருகிற மாதிரியே இருக்கும்.

என் வண்டி சமதரையில் ராணி மாதிரி ஓடும். ஏரிக்கரை மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும். தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

“ஃபுல் சார்ஜ் மாமா. விடிய விடிய போட்டு வெச்சேன். பச்ச லைட்டு எரிஞ்சிது. பேட்டரி நல்லாத்தான் கீது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“யாரு சொன்னது? பச்ச லைட்டா? பச்ச லைட்டு இன்னா உனுக்கு மாமனா, மச்சானா?”

சீட்டைத் தூக்கினார். உள்ளே நாலு பேட்டரி, ஒன்றோடு ஒன்று கோத்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் மீட்டர் வைத்தார். நாலும் ஒரே மாதிரி பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டின. “பாத்தியா மாமா” என்று வாயெடுத்தேன். “மூடு” என்றார்.

வண்டியின் முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்தார். என்னை மேலே உட்காரச் சொன்னார். “முறுக்கு.” முறுக்கினேன். வண்டி சுவரைத் தள்ள முடியாமல் முனகியது. அந்த முனகலுக்கு நடுவே மறுபடி நாலையும் தொட்டுப் பார்த்தார். மூன்று பேட்டரி பன்னிரண்டுக்குப் பக்கத்திலேயே நின்றன. நாலாவது மளமளவென்று இறங்கி எட்டில் வந்து நின்றது. நான் முறுக்குவதை விட்டதும், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி பன்னிரண்டுக்கு ஏறிக்கொண்டது.

மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பெண்டாட்டி போன் வந்தால்கூட அவ்வளவு வராது.

“நாலு பேரு பாடைய தூக்கிக்கினு போறான். மூணு பேரு தோளு குடுக்கிறான். இவன் கைய மட்டும் வெச்சிக்கினு கூட நடந்து வரான். சும்மா நிக்க சொல்லோ எல்லாரும் யோக்கியந்தாம்மா. சுமைய ஏத்திட்டு அப்பால கேளு.”

பேட்டரியோடு விட்டிருந்தால் அவர் ஒரு மெக்கானிக், அவ்வளவுதான். சாமியையும் இப்படியே பார்த்தார். புரட்டாசியில் ஊரே திருமலைக்கு நடந்து போகும். ஏரி நிரம்பவேண்டும் என்று எல்லோருக்கும் வேண்டுதல். எல்லோரும் முன்கூட்டியே மொட்டை போட்டுக்கொண்டு சந்தனத்தைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள். மாமா மட்டும் போகும்போது இருந்த முடியோடே திரும்பி வருவார். “ஏரி ரொம்பட்டும், அப்பால முடி” என்பார். ஒரு வருஷம் ஏரி நிஜமாகவே நிரம்பித் தளும்பியது. இப்போதாவது மொட்டை போடு என்று பூசாரி வந்து கேட்டார். “தண்ணி வந்துது சரி, நிக்குதான்னு பாக்க வாணாவா?” என்று சொல்லி, கோடை முழுக்கக் கரையைச் சுற்றிவந்து மதகு ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, ஆனியில் தனியாகப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெருமாளுக்கே தவணை சொன்ன ஆள் எங்கள் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான்.

என்னைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை ஒரு லாட்ஜில் மேனேஜர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. “எங்க பையனுக்குக் கோவம்னா இன்னான்னே தெரியாது” என்று அவருடைய அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் நைனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் உட்கார்ந்து, பஜ்ஜியைப் பிட்டு உள்ளே வாழைக்காய்தானா என்று பார்த்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார்.

“தம்பி, ஒரு கை குடுங்க. ஒரு வண்டிய ஏரிக்கர வரைக்கும் தள்ளி வுடணும்.”

பெரியவர் கேட்கிறாரே என்று மாப்பிள்ளை எழுந்து போனார். சித்திரை வெயில். மாமா பக்கத்தில் நடந்துகொண்டு, உதவி செய்கிற மாதிரி ஹேண்டிலைப் பிடித்து, பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டே போயிருக்கிறார். பாதி மேட்டில் மாப்பிள்ளை வண்டியைக் கீழே தள்ளிவிட்டு, தெலுங்கில் ஆரம்பித்து, போதாமல் தமிழுக்கு மாறி, மாமாவின் முன்னோர் அத்தனை பேரையும் இழுத்துப் பேசிவிட்டார். மாமா வண்டியை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்து, கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, அறிவித்தார்.

“எட்டு வோல்ட்டு.”

வந்தவர்கள் வெற்றிலைகூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்கள். அம்மா பல நாள் மாமாவைத் திட்டித் தீர்த்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் நல்லவராகக்கூட இருந்திருப்பார். பிரேக் பிடித்த வண்டியைச் சித்திரை வெயிலில் மேட்டில் தள்ளினால் யாருக்கும் எட்டு வோல்ட்தான்.

இத்தனை பேரைச் சுவரில் முட்டவைத்துப் பார்த்தவர், அத்தையிடம் மட்டும் பச்சை லைட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக்கத்தான் அத்தை குவைத்துக்குப் போனாள். தளமும் போட்டாயிற்று. அப்புறம் மேலே ஒரு அறை, அப்புறம் சுற்றுச்சுவர் என்று அவள் வருவது தள்ளிக்கொண்டே போனது. சாயங்காலம் சார்ஜர் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் பேசுவார். கொட்டகையில் நாங்கள் இருந்தாலும் கவலைப்படமாட்டார். மறைக்கும்படி அதில் ஒன்றும் இருக்காது.

“நல்லா கீறியா?”

“நல்லா கீறேன். நீ?”

“கீறேன். துன்னியா?”

“துன்னேன்.”

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு, கேட்காதவர்களுக்கும் சொல்வார். “நல்லா கீதாம். வூடு பூரா ஏசியாம். வேர்வையே வராதாம்.”

அவருடைய இந்த நம்பிக்கை எவ்வளவு முற்றியது என்பது ஆயுத பூஜைக்கு மறுநாள் தெரிந்தது. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினால், தெருவில் ஒரு ஸ்கூட்டரும் நகரவில்லை. மாலை போட்ட வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வரிசையாகக் கொட்டகையில் போய் நின்றோம். மாமா மீட்டர் வைத்தார். பேட்டரியில் முழு வோல்ட் இருந்தது. பேட்டரியையும் மோட்டார் ஒயரையும் சேர்க்கும் பிளக்கைத் தாண்டி வைத்துப் பார்த்தார். அங்கேயும் முழு வோல்ட். முறுக்கினால் மட்டும் சக்கரம் அசையவில்லை. சாமி குற்றம் என்றாள் ஒருத்தி. யார் வீட்டிலோ தீட்டை மறைத்துப் பூஜை பண்ணியிருக்கிறார்கள் என்று அம்மா ஆரம்பித்தாள். சண்டை பெரிதாகிற நேரத்தில், மாமா சிவப்பு ஒயரைப் பிளக்குக்கு இந்தப் பக்கமும் கறுப்பு ஒயரை அந்தப் பக்கமும் வைத்து “முறுக்குடி” என்றார்.

இரண்டும் ஒரே கம்பிதான். நடுவில் தடை எதுவும் இல்லையென்றால் மீட்டரில் ஒன்றும் காட்டக்கூடாது. நாற்பது காட்டியது.

பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே பித்தளை முனைகளில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மங்களகரமாகக் காய்ந்திருந்தது.

“இதுக்குள்ள பொட்டு வெச்சது யாருடி?”

எல்லோரும்தான் வைத்திருந்தோம். எந்திரம் என்றால் அதன் வாயில் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மாவு மிஷினுக்கு மாவு கொட்டும் வாய், பம்புசெட்டுக்குத் தண்ணீர் கொட்டும் வாய். ஸ்கூட்டருக்கு வாய் எது? கரெண்டைத் தின்கிற பிளக்தானே என்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொல்ல, தெரு முழுக்க அதையே செய்துவிட்டோம். மீட்டருக்கு வோல்ட் காட்டுகிற அளவுக்குக் காய்ந்த சந்தனத்துக்குள்ளும் ஈரம் மிச்சம் இருந்தது. மோட்டார் இழுக்கிற அளவுக்கு வழி இல்லை.

“சாமிக்கு வயிறு ரொம்பிச்சி. வண்டிக்குத் தொண்ட அடச்சிக்கிச்சி” என்று திட்டிக்கொண்டே பழைய பல் பிரஷ்ஷால் பெட்ரோலைத் தொட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பியது. என் முறைக்காகக் காத்திருந்தவள், மூலையில் நின்ற மாமாவின் சொந்த வண்டியின் சீட்டைச் சும்மா தூக்கிப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினால், தெருவிலேயே பெரிய பொட்டு அதில்தான் இருந்தது.

“மாமா, இது?”

பிரஷ்ஷை மறுபடி பெட்ரோலில் தோய்த்தார். “ஒங்க அத்ததான் போன்ல பாத்துக்கினே, இங்க வெய்யி, அங்க வெய்யின்னா. வெச்சேன்.”

“வேல தெரிஞ்ச ஆளு நீ. யோசிக்க வாணாவா?”

“அவ சொன்னா அதுல யோசிக்க இன்னா கீது?”

கேட்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் சில மாதம் கழித்துப் புரிந்தது. வண்டியை ரிப்பேருக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அத்தை போன் வந்தது. எப்போதும் போல நெற்றியும் மூக்கும் மட்டும் தெரிந்தன. தலைக்குப் பக்கத்தில் கதவின் மேல் தாழ்ப்பாள் தெரிந்ததால், அத்தை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பேசுவது புரிந்தது. முந்தின தடவையும் நின்றுகொண்டுதான் பேசினாள், அதற்கு முந்தின தடவையும். வேலை முடித்து வந்த மனுஷி ஒரு நாளாவது உட்கார்ந்து பேசமாட்டாளா? “நல்லா கீறேன்” என்பதைக்கூட நடுவில் மூச்சு வாங்கித்தான் சொன்னாள்.

போன் நின்றதும் மாமா என் பக்கம் திரும்பினார். “நல்லா கீதாம்.”

“யாரு சொன்னது?” என்றேன்.

“இன்னாம்மா இது, இப்போ அவதான சொன்னா?”

“பச்ச லைட்ட நம்பமாட்ட. பெருமாள நம்பமாட்ட. அத்தைய மட்டும் சும்மா நிக்க வெச்சே பாக்கிறியே மாமா. ஒரு நாளாவது கீழ உக்காந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாத்தியா?”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே எழுந்துவிட்டேன். “வண்டிய எத்துனு கெளம்பு. வாயி ரொம்ப நீண்டுபோச்சி” என்றார். பாதி கழற்றிய வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு போனேன். அவருக்குத் தெரியாத எதையோ நான் சொன்னதற்கு வந்த கோபமாக அது எனக்குப் படவில்லை. அத்தை நன்றாக இல்லை என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அவள் நிலை தெரியாத வரைக்கும் சுற்றுச்சுவர் எழும்பும், போனும் வரும். மனுஷனை நினைத்துக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். தனியாகக் கேட்கப் பயம் என்று நினைக்கிறேன். அம்மாவையும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டார். நல்லா கீறியா என்று கேட்கவில்லை.

“தரையில உக்காரு” என்றார்.

“இன்னா?”

“உக்காந்துட்டு எழுந்திரு. நான் பாக்கணும்.”

அத்தை சிரித்தாள். “இது இன்னா வெளையாட்டு? எனுக்கு வேல கீது.”

“உக்காரும்மா.”

போன் ஆடியது. அத்தையின் முகம் போய் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அப்புறம் அழுகிற சத்தம் வந்தது. சுருட்டிய கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மாடிப்படியில் இடுப்பு அடிபட விழுந்திருக்கிறாள். மாதக்கணக்காகிறது. வீட்டுக்காரம்மா மாத்திரை கொடுத்ததோடு சரி. உட்கார்ந்தால் எழ முடியாது. எழாவிட்டால் வேலை போய்விடும். அதனால் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

“ஏன் சொல்லல?” என்றார் மாமா.

“சொன்னா இன்னா செய்வ? அங்கேர்ந்து ஸ்பேனரு அனுப்புவியா?” அத்தையின் வாயும் லேசுப்பட்டதல்ல. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். “நெதம் நல்லா கீறியா, நல்லா கீறியான்னுதான கேட்ட. வேற இன்னா சொல்றது நான்?”

“வந்துடு.”

“பாஸ்போர்ட்டு அந்தம்மாகிட்ட கீது.”

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமா திருப்பதிக்குப் போனார். அத்தையை அனுப்பிவைத்த ஏஜெண்டின் ஆபீஸ் அங்கேதான். ஏஜெண்ட் தெலுங்குக்காரர், இனிப்பாகப் பேசுகிறவர். “ஆமெக்கு ஏமீ லேது. பாகானே உந்தி” என்றாராம். அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று. யாரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மாமா சண்டை போடவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாமி படங்களுக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சித்தூரிலிருந்தும் புத்தலப்பட்டிலிருந்தும் வெளிநாட்டு வேலைக்குப் பேர் கொடுக்க வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். “மொதல்ல எம் பொண்டாட்டிக்கு போன் போடும்மா. கீழ உக்காந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாரு. அப்பால கையெழுத்து போடு.” போட்டும் கொடுத்தார். அத்தையும் எதையும் மறைக்காமல் பேசினாள். வந்த பெண்கள் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். தினமும் முதல் பஸ்ஸில் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்று ஏஜெண்ட் மிரட்டினார். “கூப்புடு. அவுங்க வூட்லயும் குவைத்துக்குப் போறவங்க இருப்பாங்க” என்றாராம் மாமா. கடைசியில் ஏஜெண்டே குவைத்துக்குப் போன்மேல் போன் போட்டுக் கெஞ்சி, பாஸ்போர்ட்டை வாங்கவைத்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்.

சென்னை விமான நிலையத்துக்கு வேனில் போனோம். அத்தை சக்கர நாற்காலியில் வந்தாள். ஓர் ஊழியர் தள்ளிக்கொண்டு வந்தார். பாதி ஆளாக இருந்தாள். அம்மா முந்திக்கொண்டு ஓடிக் கையைப் பிடித்து, எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

“நல்லா கீறியாடி?”

“நல்லா...” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள், மாமாவைப் பார்த்து நிறுத்தினாள். “இல்லக்கா. நல்லா இல்ல.”

மாமா அந்த ஊழியரிடமிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டு தானே தள்ளினார். வாசல் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியது.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

வேகத்தைக் குறைத்தார். “இப்போ?”

“வலிக்குது.”

இன்னும் குறைத்தார். நடக்கிறாரா நிற்கிறாரா என்று தெரியாத அளவுக்குக் குறைத்தார். எங்கள் பின்னால் பெட்டி வண்டிகளோடு ஒரு பெரிய கூட்டம் அடைத்துக்கொண்டு, வழி விடு, வழி விடு என்று மூன்று நாலு மொழியில் கத்தியது. மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அத்தையின் காதருகே, “இப்போ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.